பதினைந்தில் தொடங்கும் ஊர்கள்

இருபத்திரண்டு வருடம் ஒவுரென்சே தபால் நிலையத்தில்
பதினைந்தில் தொடங்கும் எண்களைத்
தனிச் சாக்கில் போட்டேன்.
மல்பிக்கா, கோர்மே, லாஷே, கமெல்லே, முஷியா.
ஆள் இல்லை என்று அங்கிருந்து திரும்பி வரும் உறைகளில்
சில சமயம் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும்.
ஒருமுறை நக்கிப் பார்த்தேன்.
உப்புதான்.

இப்போது யாரோ ஓட்டிக் களைத்த மொந்தேசாவின் மேல் உட்கார்ந்து
அந்தச் சாக்கை நானே பிரிக்கிறேன்.
வளைவுக்கு ஓர் ஊர் விழுகிறது.

வலப்பக்கம் கடல்.
கடல் என்றதும் சாந்தமாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம்.
இது பாறையோடு நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு,
இன்னும் தீர்ப்பாகவில்லை.
காற்று தோளில் கைபோட்டு
அடுத்த தடத்துக்குக் கூப்பிடுகிறது.
எதிரே மீன் லாரி.
வரமாட்டேன் என்று இந்தப் பக்கம் சாய்கிறேன்.
யூகலிப்டஸ் காடு முடிந்ததும் மூடுபனி.
இன்ஜின் சூட்டில்
முழங்கால் இரண்டு மட்டும் உயிரோடிருக்கின்றன.

கோர்மே தாண்டி, கலங்கரை விளக்கின் கீழே,
கடலில் போனவர்களுக்கான வெள்ளைச் சிலுவைகளின் அருகில்
சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
ஈர ரப்பர் உடையில் ஒருத்தி மேலேறி வந்தாள்.
இடுப்பில் கயிறு.
கயிற்றின் மறுமுனையும் அவள் கையிலேயே.

"நாத்தனார் வரவில்லை, பல்வலியாம்.
கடல் வடிந்திருப்பது இன்னும் நாற்பது நிமிடம்.
என்ன எடை இருப்பாய் நீ?"

"எழுபத்தொன்று. பூட்ஸோடு எழுபத்துமூன்று."

"போதும்."
பெயர் சொன்னது அதற்கப்புறம்தான்.
டொரிண்டா.

பாறை இடுக்கில் குதிகாலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன்.
அவள் இறங்கினாள்.
நகம் முளைத்த விரல்கள் போல
கொத்துக் கொத்தாய் ஒட்டியிருந்தவற்றை
இரும்புக் கரண்டியால் நெம்பினாள்.
பெர்செபெஸ்.
கல்யாண விருந்தில் தின்றிருக்கிறேன்,
சந்தையில் விலை கேட்டுவிட்டு
பகல் கொள்ளை என்று முனகியிருக்கிறேன்.

கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று எனக்குச் சொன்னவள்
தான் மட்டும் காட்டிக்கொண்டு நின்றாள்.
அதற்குத்தான் நான்.
வருது என்று கத்த வேண்டியது என் வேலை.
ஆறு முறை கத்தினேன்.
ஆறு முறையும் பல்லிபோல் பாறையோடு ஒட்டிக்கொண்டாள்.
ஏழாவதற்கு வாயைத் திறப்பதற்குள்
ஆளைக் காணோம்.

நுரை.
கயிறு.
கயிற்றில் ஒரு முழு மனுஷியின் கனம்.
நான் எவ்வளவோ எடை போட்டிருக்கிறேன்,
கிராம் சுத்தமாக.
இது எந்தத் தராசிலும் நிற்காது.
இழுத்தேன் என்று சொன்னால் பொய்.
விடவில்லை,
அவ்வளவுதான் செய்தேன்.

அலை விலகியபோது
அதே பாறையில், முழங்காலில் ரத்தத்தோடு,
தண்ணீரைத் துப்பிவிட்டு நெம்பிக்கொண்டிருந்தாள்.
"தாமதம்" என்றாள்,
திரும்பிப் பார்க்காமல்.

கூலியாக இரண்டு கை அளவு, பிளாஸ்டிக் பையில்.
என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள்.
நான் யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்:
"புதுக் கையுறை ஆர்டர் போட்டு மூன்று வாரம்.
ஒவுரென்சேயிலேயே கிடக்கிறதாம்.
அங்கே எல்லாம் தூங்குமூஞ்சிகள்."

ஆமாம் என்றேன்.
சுத்தத் தூங்குமூஞ்சிகள்.

உள்ளங்கை உரிந்திருந்தது.
கிளட்சைப் பிடித்தால் கண்ணில் நீர் முட்டியது.
அதனால் லாஷே வரை
கியரே மாற்றவில்லை, இரண்டிலேயே போனேன்.
டாங்கின் மேல் பை சொட்டிக்கொண்டு வந்தது.
பின்னால் இன்னொரு மீன் லாரி
ஹாரன் அடித்தது, அடித்தது.

அடிக்கட்டும்.